அணைக்கக் கூடாத கார்

தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்கள் எல்லாமே ஒரு காலத்தில் ஏதோ ஒரு டாக்டர் வைத்திருந்தவைதான். நான் வாங்கிய சிவப்பு நிறச் சின்னக் காரும் அப்படித்தான். கடலூரில் பழைய கார் விற்கிற ஷோரூமில், டை கட்டிய ஒருவர், டாக்டர் வண்டி சார், வீட்டுக்கும் கிளினிக்குக்கும் மட்டும்தான் ஓடிச்சு என்றார். நான் மரியாதையாகத் தலையாட்டினேன். மீட்டரில் காட்டிய கிலோமீட்டரை வைத்துப் பார்த்தால் அந்த டாக்டருக்கு வீடு கடலூரிலும் கிளினிக் காசியிலும் இருந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கு எனக்கு உதித்தது மூன்று வாரம் கழித்து, சிதம்பரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வரும்போது.

அது 2010 மாசி மாதம். எனக்கு வயது நாற்பத்தி நாலு. சிதம்பரம் கீழ வீதிக்குப் பக்கத்துச் சந்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருந்தேன். ஊரில் பாதிப்பேரின் நல்ல நேரம் என் மெஷின் வழியாகத்தான் வெளியே வரும். மற்றபடி ஒரு டி.வி.எஸ். ஐம்பதுக்கு மேல் ஆசைப்படாத ஆள்.

காருக்கு ஆசைப்பட்டது நான் இல்லை, என் தங்கச்சியின் மானம். அவளைக் காடாம்புலியூரில் கொடுத்திருக்கிறோம். முந்திரி, பலா, டிராக்டர் என்று வசதியான வீடு. அதற்கு ஐந்து வருஷம் முன்னால் அவளுடைய மூத்த பையனுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் நான்தானே, சீர்த்தட்டுகளோடு பஸ்ஸில் போனேன். வடலூரில் ஏறிய ஒருவர் கூட்டத்தில் தடுமாறி வாழைப்பழத் தட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். நல்ல மனுஷன், எழுந்ததும் மன்னிப்புக் கேட்டார். பழம்தான் எழுந்திருக்கவில்லை. தட்டுகளைப் பந்தலில் இறக்கியபோது தங்கச்சியின் மாமியார், அதாவது எனக்கு அத்தை முறை, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி நிதானமாகக் கேட்டார்.

"ஏன் தம்பி, சீருக்கு டிக்கெட் எடுத்தீங்களா, இல்ல லக்கேஜுல போட்டாங்களா?"

பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன், எனக்கு அது சுலபம். தங்கச்சி மட்டும் குனிந்த தலையை அன்றைக்கு முழுக்க நிமிர்த்தவில்லை.

இப்போது சின்னவளுக்குக் காது குத்து. வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தாயிற்று. தங்கச்சி போன் பண்ணியபோது ஏதோ வாய்க்கு வந்ததில், கார் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன் என்று சொல்லித் தொலைத்தேன். மறுநாளே அவள், "அண்ணே, நீ கார்ல வர்றேன்னு அத்தைகிட்ட சொல்லிட்டேன்" என்றாள். ஆக, வாங்கியாயிற்று.

வண்டியை எடுத்தது ஒரு சனிக்கிழமை. சாவி, மாலை, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் என்று எல்லாம் தயார். வேறு ஒரு பார்ட்டி பார்த்துக்கிட்டிருக்காங்க சார் என்று டைக்காரர் அவசரப்படுத்த, நானும் பறந்துபோய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கேட்டைத் தாண்டிய பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி மணியைப் பார்த்தாள். ஒன்பது ஐம்பது. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை என்ன காலம் என்று ஊருக்கே அச்சடித்துக் கொடுப்பவன் நான். "நல்லா வாங்குனீங்க, ராகு காலத்துல" என்றாள்.

மூன்றாம் நாள் செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால், தொண்டை கட்டிய பல்லி மாதிரி ஒரு 'டிக்'. அவ்வளவுதான். தெருவே கூடித் தள்ளியது, ஓடியது. அணைத்தால் மறுபடியும் பல்லி. மூன்று மாசம் இலவச சர்வீஸ் என்று தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்களே என்று தள்ளவைத்துக் கிளப்பி, கடலூர் வரை அணைக்காமல் ஓட்டிப்போய், ஷோரூமை ஒட்டியிருந்த அவர்களுடைய ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினேன்.

அங்கே சர்வீஸ் பொறுப்பில் இருந்தவர் குரலை உயர்த்தாத மனிதர். வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினார். ஒரே அடியில் ஸ்டார்ட் ஆயிற்று. அணைத்தார், திருப்பினார், மறுபடி ஸ்டார்ட். வீட்டில் அத்தனை வாலுத்தனமும் பண்ணிவிட்டு ஹெட்மாஸ்டர் முன்னால் கைகட்டி நிற்கிற பிள்ளை மாதிரி நின்றது கார். அவர் என்னைப் பார்த்த பார்வையில், வண்டியை விட்டுவிட்டு என்னை சர்வீஸுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்கிற யோசனை தெரிந்தது. பத்தாவது தடவைதான் பல்லி கத்தியது. எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

செல்ஃப் மோட்டாரே மாத்தணும் சார், சென்னையிலேருந்து வரணும், நாளைக்கு வந்துடும் என்றார்.

அந்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பழக்கமானது. ஏனென்றால் அது என் வாக்கியம். இருபது வருஷமாக என் கடைக்கு வருகிற கல்யாண வீட்டுக்காரர்களிடம், அட்டை சிவகாசியிலேருந்து வரணும், நாளைக்கு வந்துடும் என்று நான் சொல்லிவருவது. அந்த 'நாளைக்கு' காலண்டரில் இருக்கிற நாள் இல்லை. எதிரில் நிற்பவரை வாசல் வரை அனுப்பிவைக்கிற ஒரு வார்த்தை. அவ்வளவு தெரிந்தும் மறுநாள் கடலூருக்குப் பஸ் ஏறினேன் பாருங்கள், அதுதான் நான். அதற்கு மறுநாளும் ஏறினேன். லாரி திண்டிவனத்துல நிக்குது, ஸ்டோர் கீப்பர் லீவு, வந்தது வேற மாடல் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, எனக்குக் கோபத்தைவிடப் பொறாமைதான் ஜாஸ்தி. ஸ்டோர் கீப்பர் லீவு என்பது எனக்கு இத்தனை வருஷமாகத் தோன்றவே இல்லையே.

பங்குனி போய் சித்திரை வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவரே போன் பண்ணினார். மோட்டார் மாட்டியாச்சு, வண்டி ரெடி, வந்து எடுத்துக்கோங்க என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மனைவி வழியை மறித்தாள். முதல் தடவை ராகு காலத்தில் எடுத்ததற்கு அனுபவித்தது போதாதா, செவ்வாய்க்கிழமை போய் யாராவது வண்டி எடுப்பார்களா என்றாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. புதன்கிழமை காலண்டரைக் கிழித்தால் அஷ்டமி. வியாழன் நவமி. வெள்ளிக்கிழமை பத்தரைக்குள்ளே வந்துடறேன் என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போன் பண்ணிச் சொன்னேன். எனக்காக நாள் பார்க்கிறேன் என்கிற பெருமை வேறு குரலில்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு மாலையோடு போய் நின்றேன். கார் நின்றது. பானெட் திறந்திருந்தது. செல்ஃப் மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொந்து.

சர்வீஸ்காரர் கொஞ்சமும் பதறவில்லை. செவ்வாய் வேண்டாம்னீங்க, புதன் அஷ்டமின்னீங்க, வியாழன் நவமின்னீங்க. மூணு நாள் சும்மாதானே இருக்கப்போகுதுன்னு, பாண்டிச்சேரிக்கு அவசரமாப் போக வேண்டிய ஒருத்தருக்குக் கழட்டி மாட்டிட்டோம் என்றார். பிறகு கேட்டார்:

"அவர் நாளு பாக்கல சார். நாங்க என்ன பண்றது?"

கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். எந்த வாயால் கத்துவது? போன தை மாதம், பணம் கட்டிவிட்டு நல்ல நாள் பார்த்து வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போன கீரப்பாளையத்துக்காரர் ஒருவருடைய அட்டைக் கட்டைப் பிரித்து, அடுத்த வாரமே கல்யாணம் என்று அழுதுகொண்டு வந்தவருக்கு அடித்துக்கொடுத்தவன் நான். கீரப்பாளையத்துக்காரர் வந்தபோது நானும் இதே முகத்தை வைத்துக்கொண்டுதான் நின்றேன். கொண்டுபோன மாலையை ஷோரூம் வாசலில் இருந்த பிள்ளையாருக்குப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

காது குத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை, பத்தரை தாண்டியதும், ஒருவழியாக வேறு மோட்டார் மாட்டி வண்டி கைக்கு வந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஒரே அடியில் ஸ்டார்ட். பெட்ரோல் முள் மட்டும் கீழே படுத்திருந்தது. சர்வீஸுக்குப் போய் வருகிற வண்டிகளுக்கு இந்தப் பசி எப்படி வருகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நாளைக்குப் போகிற வழியில் டேங்கை ரொப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை ஆறு மணி. பதினோரு சீர்த்தட்டு ஏற்றியாயிற்று. மனைவி பட்டுப்புடவையில் உட்கார்ந்துவிட்டாள். சாவியைத் திருப்பினேன்.

டிக்.

எனக்கு வேர்த்த வேர்வையில் நெற்றியில் வைத்த விபூதி மீசைக்கு இறங்கிவிட்டது என்று மனைவி பின்னால் பலரிடம் சொன்னாள். சர்வீஸ்காரருக்குப் போன் போட்டேன். நான் என்னென்னவோ உளறியதை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் தூக்கக் குரலில் சொன்னார்:

"தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கோங்க. போய்ட்டு வர்ற வரைக்கும் எங்கயும் ஆஃப் பண்ணிராதீங்க சார்."

தெருக்காரர்கள் பழக்கப்பட்டவர்கள், ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் வந்து தள்ளினார்கள். கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. புவனகிரி தாண்டிய பிறகுதான் அடுத்த சங்கதி உறைத்தது. பெட்ரோல் போட பங்குக்குள் நுழைந்தால் எஞ்சினை அணைக்க வேண்டும். போர்டே எழுதி வைத்திருக்கிறார்கள். அணைத்தால் பட்டுப்புடவையோடு மனைவி தள்ள வேண்டும். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு கேனில் வாங்கி ஊற்றியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் அது தோன்றியது, சுமார் இரண்டு மாசம் கழித்து. அன்றைக்கு, ஒவ்வொரு பங்கு வரும்போதும் அதைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டால் பெட்ரோல் தீராது என்று நம்பினேன்.

காடாம்புலியூரில் முந்திரித் தோப்புக்கு நடுவில் அவர்களுடைய குலதெய்வக் கோயில். பந்தலுக்கு நேரே காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். தங்கச்சி ஓடிவந்தாள். காரைப் பார்த்தாள், பந்தலைத் திரும்பிப் பார்த்தாள். பந்தல் தன்னைப் பார்க்கிறதா என்று பார்த்தாள். அந்த முகத்துக்காக நான் காசிக்கே டாக்டராகப் போயிருப்பேன். தட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒரு பழம்கூட நசுங்கவில்லை.

மச்சான், அதாவது தங்கச்சியின் புருஷன், காரைச் சுற்றி ஒரு வட்டம் வந்துவிட்டுக் கேட்டார்: "ஏன் மச்சான், வண்டி ஓடிக்கிட்டே இருக்கு?"

"ஏசி மச்சான். கொழந்தைக்குக் காது குத்துனா வலிக்கும்ல. ஒடனே உள்ள வெச்சு ஜில்லுன்னு சமாதானம் பண்ணலாம்னுதான்."

இப்படி ஒரு பொய்யை யோசித்து வைத்துக்கொண்டு நான் போகவில்லை. அது தானாக வந்தது. வைகாசி வெயில், மரத்தில் ஒரு இலை அசையவில்லை. பந்தலில் எல்லாரும் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அத்தை மெதுவாக எழுந்து வந்தார். காரை ஒரு நிமிஷம் பார்த்தார், பானெட் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டார், என் மூஞ்சியைப் பார்த்தார். தம்பி, அந்தக் கதவைத் தொற என்றார். பின் சீட்டில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். எனக்கு வெயில் ஆவறதில்ல, இங்கிருந்தே கண்ணாடி வழியா எல்லாம் தெரியுது, யாரும் வந்து தொறந்து தொறந்து மூடாதீங்க என்று பந்தலுக்கு உத்தரவும் போட்டுவிட்டார்.

போச்சுடா என்று நினைத்தேன். பஸ்ஸுக்கே அப்படிப் பேசியவர், காருக்குள் உட்கார்ந்துகொண்டு என்னென்ன கண்டுபிடிப்பாரோ.

சடங்கு நீண்டது. முடி எடுத்து, குளிப்பாட்டி, பட்டுப்பாவாடை கட்டி, குழந்தையை என் மடியில் உட்கார வைக்கவே இரண்டு மணி நேரம் ஆயிற்று. பத்தர் கம்பியை எடுத்தார். எல்லாருடைய கண்ணும் குழந்தையின் காதில், என் காது மட்டும் எஞ்சினில். வலது காது முடிந்தது, குழந்தை வீறிட்டது. இடது காது முடிந்தது, தோப்பே அதிர்ந்தது. அழுகை கொஞ்சம் அடங்கியபோதுதான் தெரிந்தது, தோப்பில் வேறு சத்தமே இல்லை. கார் நின்றுபோயிருந்தது.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நானும் அழாத குறைதான். எல்லாரும் காரைத் திரும்பிப் பார்த்தார்கள். பின் கண்ணாடி இறங்கியது. அத்தையின் தலை வெளியே வந்தது.

"பெட்ரோல் தீந்துடுச்சு. எனக்கு ஏசி போட்டே மொத்தத்தையும் எரிச்சுட்டாரு தம்பி. டேய், போய் ஒரு கேன் வாங்கியா."

பந்தலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எனக்காக யார் இப்படி எரிக்கிறாங்க என்று தன் புருஷனைப் பார்த்து ஒரு பெண் சொன்னாள். மச்சான் பைக்கில் போய்ப் பெட்ரோல் வாங்கி வந்து ஊற்றினார். அதற்குள் பந்தி முடிந்திருந்தது. நான் சாவியைத் தொடாமலே, டேங்க் காலியாப் போனா காத்து அடைச்சிக்கும் மச்சான், தள்ளித்தான் ஆகணும் என்று ஒரு இன்ஜினியர் முகத்தோடு சொன்னேன். பட்டு வேட்டிகள் மடித்துக் கட்டப்பட்டன. அத்தை இறங்க மறுத்துவிட்டார். நான் உக்காந்திருந்தா கனமாவா பூடும்? தள்ளுங்கடா என்றார்.

தள்ளினார்கள். கிளட்சை விட்டேன். பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டதும் எனக்குப் புத்தி விட்டுப்போயிற்று. நின்றுவிடப் போகிறதே என்கிற பயத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தவன், தோப்பைத் தாண்டி, மண் ரோட்டைத் தாண்டி, தார் ரோட்டு வளைவில்தான் கொஞ்சம் மூச்சு விட்டேன். அப்பாடா என்று பக்கத்து சீட்டைப் பார்த்தேன். காலி. கண்ணாடியில் பார்த்தேன். பின் சீட்டில் சம்மணம் அப்படியே இருந்தது.

"ஏன் தம்பி, பொண்டாட்டிய உட்டுட்டு என்னை ஏத்திக்கிட்டுப் போறியே. சீர மாத்திக்கிட்டியா?"

நான் வண்டியை ஓரங்கட்டி, நியூட்ரலில் போட்டுவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். கால் மட்டும் ஆக்சிலேட்டரை விடவில்லை.

"அத்த, இது வந்து..."

"செல்ஃபு எடுக்கல. அதானே? எங்க டிராக்டரு ரெண்டு வருசம் அப்பிடித்தான் ஓடுச்சு. காலைல கெளப்புனா சாயங்காலம்தான் அமத்துவோம். நீ வந்து எறங்குன மூஞ்சியிலயே தெரிஞ்சிபோச்சு."

தெரிந்துமா உள்ளே வந்து உட்கார்ந்தீர்கள் என்று கேட்டேன்.

"அன்னிக்குப் பஸ்ஸுன்னு ஒரு வார்த்த சொன்னேன். அஞ்சு வருசமா உன் தங்கச்சி எனக்கு மோருல உப்பு போடல. வாயத் தொறந்தும் ஒண்ணும் சொல்ல மாட்டா, உப்பும் போட மாட்டா. இன்னொரு வார்த்த சொன்னா அப்பறம் நான் கஞ்சிக்கு எங்க போறது?"

பின்னால் பைக் சத்தம் கேட்டது. மச்சானுக்குப் பின்னால், பட்டுப்புடவையை ஒரு கையால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என் மனைவி. இறங்கினாள், முன் கதவைத் திறந்தாள், உட்கார்ந்தாள், நேராக ரோட்டைப் பார்த்தாள். அவள் அன்றைக்குப் பேசாததை இன்றும் அவ்வப்போது பேசுகிறாள். மச்சான் குனிந்து கண்ணாடியைத் தட்டினார்.

"மச்சான், உங்க ஆளை ஒப்படைச்சாச்சு. எங்க அம்மாவைக் குடுங்க."

அம்மா இறங்கவில்லை. ஏசி இப்போதான் ஏறுது, பண்ருட்டி வரைக்கும் போய்ட்டு வரேன் என்றார். எங்கள் வீடு இருந்தது நேர் எதிர்த்திசையில். வண்டியைத் திருப்பினேன்.

அந்தக் கார் அதற்கப்புறம் மூன்று வாரம் ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. இன்னும் ஒரு மோட்டார் சென்னையிலிருந்து வந்தது. கடைசியில் குற்றம் மோட்டாரிலேயே இல்லை, பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் வயர் துருப்பிடித்திருந்தது, அரை மணி நேர வேலை என்றார்கள். அதைச் சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் மூன்றேகால் மணிக்கு, உச்சகட்ட ராகு காலத்தில், மனைவியிடம் சொல்லாமல் போய் எடுத்து வந்தேன். எட்டு வருஷம் ஓடியது.

காது குத்து அன்றைக்குச் சாயங்காலம் தங்கச்சி போன் பண்ணியதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பண்ருட்டியிலிருந்து திரும்பியதும் அத்தை அக்கம்பக்கத்தில் நாலு வீடு ஏறி, தாய்மாமன்னா அப்படி இருக்கணும் என்று சொல்லிவிட்டு வந்தாராம். அவள் குரலில் பந்தல் பக்கம் திரும்பிப் பார்த்த அதே முகம் தெரிந்தது. அப்புறம் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, வண்டி ரிப்பேருதானே?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நீ பொய் சொன்னா காதச் சொறிவ. இன்னிக்கு ஏசின்னு சொல்லிக்கிட்டே சொறிஞ்ச."

என் கை காதுக்குப் போயிருந்தது. அவளே சொன்னாள்:

"அத்தைக்கு இன்னிக்கு மோருல உப்பு போட்டுக் குடுத்தேன்."